ஒலியால் பார்ப்பவை: திமிங்கலமும் ஓங்கிலும் கடலைக் கேட்கும் விதம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் தென்பெண்ணையும் கெடிலமும் பெருக்கெடுத்து வந்து கடலூரில் கடலோடு சேரும்போது, தாழங்குடாவிலிருந்து தேவனாம்பட்டினம் தாண்டியும் கரையோரக் கடல் செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். அந்தத் தண்ணீரில் முங்கிக் கண் திறந்தால் நீட்டிய கையே தெரியாது. இப்படிப்பட்ட கழிமுகக் கலங்கலில்தான் கூன்முதுகு ஓங்கில்கள் (டால்பின்கள்) விரும்பி மேய்கின்றன. மீனைத் துரத்துகின்றன, குட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கின்றன, கூட்டத்தை விட்டுப் பிரிந்தாலும் தேடிவந்து சேர்ந்துகொள்கின்றன. கண்ணை நம்பி இதையெல்லாம் செய்ய முடியாது. காதை நம்பித்தான் செய்கின்றன.

தெளிந்த கடலானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சூரிய வெளிச்சம் 200 மீட்டர் ஆழத்துக்குள் கிட்டத்தட்டத் தீர்ந்துபோகும். 1000 மீட்டருக்குக் கீழே பகலும் இல்லை, இரவும் இல்லை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் எதிரே கடலடித் தரை கொஞ்ச தூரம் மெல்லச் சரிந்து போய்விட்டு, பிறகு மளமளவென்று ஆழத்துக்கு இறங்குகிறது. அந்தச் சரிவில் பெரிய பள்ளத்தாக்குகள் அறுத்துக்கொண்டு போகின்றன. கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து நாம் பார்க்கும் நீலம் மேலே கிடக்கும் கொஞ்சம் தண்ணீர்தான். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் இருட்டு. அந்த இருட்டில் வாழப் பழகிய பாலூட்டிகள் ஒலியை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. வகுத்தல் கணக்கு தெரிந்தால் போதும்.

தண்ணீரில் ஒலிக்கு ஏன் இத்தனை வேகம்?

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். கடல்நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர். வங்கக் கடலின் வெதுவெதுப்பான மேல்நீரில் அதற்கும் சற்றுக் கூடுதல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சுமார் 22 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இங்கே எழும் ஓர் ஓசை காற்று வழியாக அங்கே போய்ச்சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் வழியாகப் போனால் 15 நொடி.

தண்ணீர் காற்றைவிடக் கனமானது, அதனால்தான் ஒலி வேகமாகப் போகிறது என்று பலரும் சொல்வதுண்டு. அது சரியான காரணம் அல்ல. கனம் உண்மையில் ஒலியைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தையும் மீறி வேகத்தைக் கொடுப்பது தண்ணீரின் விறைப்பு. ஊசி மாட்டாத ஒரு சிரிஞ்சில் காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். பாதி தூரமாவது உள்ளே போகும். தண்ணீரை நிரப்பி அதேபோல் அழுத்துங்கள். அசையவே அசையாது. ஒலி என்பது நெருங்குவதும் தளர்வதுமாக மாறிமாறி நகரும் அழுத்தம்தான். அமுங்க மறுக்கும் பொருள், தனக்குக் கிடைத்த தள்ளலைப் பக்கத்துத் துளிக்கு உடனே கொடுத்துவிடுகிறது. வேகம் அங்கிருந்து வருகிறது.

ஆனால் காற்றும் தண்ணீரும் ஒன்றின் ஒலியை மற்றொன்று எளிதில் வாங்கிக்கொள்வதில்லை. கரையில் நின்று எவ்வளவு உரக்கக் கத்தினாலும், அந்த ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் இறங்கும். மீதி மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். உள்ளே நடக்கும் பேச்சு வெளியே வராததற்கும் இதுவே காரணம். கடல் ஓர் ஊமை உலகம் என்று மனிதர்கள் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தது இதனால்தான். மீனவர்கள் அப்படி நினைத்திருக்க வாய்ப்பில்லை. கத்தாழை மீன் வலையில் ஏறும்போது தன் காற்றுப்பையை அதிரவைத்து ‘கொர் கொர்’ என்று குரல் கொடுக்கும். படகில் அது கத்துவதைக் கேட்டவருக்கு, தண்ணீருக்குள்ளும் அது சும்மா இருந்திருக்காது என்பது விளங்கும்.

நாம் தண்ணீருக்குள் தலையை முக்கினால் ஒலி கேட்கும், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. நிலத்தில் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. தண்ணீரில் ஒலி நாலரை மடங்கு வேகமாக வருவதால் அந்த வித்தியாசம் சுருங்கிப்போகிறது. போதாதற்கு மண்டையோடு முழுவதுமே அதிர்ந்து இரண்டு காதுக்கும் ஒரே சமயத்தில் சேதி சொல்லிவிடுகிறது. ஓங்கிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் உட்காது எலும்புகள் மண்டையோட்டோடு இறுகப் பொருந்தியிருக்கவில்லை. காற்று நிறைந்த நுரை போன்ற திசு சுற்றிலும் நின்று, இரண்டு காதையும் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது.

அலையின் நீளம்: எல்லாவற்றுக்கும் சாவி

இனி வருவது எல்லாம் ஒரே ஒரு கணக்கில் அடங்கும். அதனால் இங்கே சற்று நின்று போகலாம்.

ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவால் சொல்கிறோம். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். ஒலியின் வேகத்தை இந்த எண்ணால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் கிடைக்கும். புட்டிமூக்கு ஓங்கில் எழுப்பும் சொடுக்கொலி 1,20,000 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். 1500-ஐ அதால் வகுத்தால் 1.25 சென்டிமீட்டர். துடுப்புத் திமிங்கலம் எழுப்பும் ஒலி 20 ஹெர்ட்ஸ். 1500-ஐ 20-ஆல் வகுத்தால் 75 மீட்டர். ஒன்று விரல்நுனி அளவு, மற்றொன்று ஒரு தெருவின் நீளம்.

இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பதை உப்பனாற்றங்கரையில் கண்ணாலேயே பார்க்கலாம். சிற்றலைகள் படகின் பக்கவாட்டில் மோதித் திரும்பி வரும். அதே அலைகள், பக்கத்தில் நட்டிருக்கும் மூங்கில் கழியைச் சட்டை செய்யாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். கழி இருந்ததற்கான தடயமே திரும்பி வராது. ஒலியும் அப்படித்தான். தன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருளை அது கண்டுகொள்வதில்லை. 75 மீட்டர் அலையைக் கொண்டு ஒரு மத்தி மீனைத் தேட முடியாது. 1.25 சென்டிமீட்டர் அலைக்கு அந்த மீன் நல்ல பெரிய பொருள்.

அப்படியானால் எல்லா உயிரினங்களும் கீச்சொலியையே எழுப்பலாமே? அங்கேதான் கடல்நீர் ஒரு விலை கேட்கிறது. வேகமாக அதிரும் ஒலியைக் கடல்நீர் விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. கரைந்திருக்கும் மக்னீசியம் சல்பேட் உப்புக்கு இதில் பெரும் பங்கு. 1,00,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 30 டெசிபலுக்கு மேல் இழந்துவிடும். அதாவது ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பரவிப் போவதால் ஏற்படும் இழப்பு தனி. 20 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனாலும் இந்த வகையில் இழப்பு என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை.

ஆக, நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் கீச்சொலி, அது அருகில் மட்டும். வெகுதூரம் போக வேண்டுமானால் அடித்தொண்டை ஒலி, அதில் நுணுக்கம் இருக்காது. இரண்டையும் ஒரே ஒலியில் பெற வழியில்லை. பல் உள்ள திமிங்கலங்களும் ஓங்கில்களும் முதல் வழியில் வெகுதூரம் போயின. பல் இல்லாமல் வாயில் சல்லடைத் தகடு தொங்கும் நீலத் திமிங்கலம், துடுப்புத் திமிங்கலம், கூன்முதுகுத் திமிங்கலம் முதலியவை இரண்டாவது வழியைப் பிடித்தன.

ஓங்கிலின் நெற்றியும் தாடையும்

ஓங்கில் குரல்வளையால் கத்துவதில்லை. தலையின் உச்சியில் உள்ள மூச்சுத்துளைக்குச் சற்றுக் கீழே, மூக்குப் பாதையில், உதடு போன்ற இரண்டு இணைத் திசுக்கள் இருக்கின்றன. அவற்றின் நடுவே காற்றைத் தள்ளும்போது அவை சட்டென்று மூடித் திறந்து சொடுக்கொலியை எழுப்புகின்றன. ஒரு சொடுக்கு நீடிப்பது ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். காற்று வெளியே போய்விடுவதில்லை. பக்கத்தில் உள்ள பைகளில் சேர்ந்து, திரும்பவும் பயன்படுகிறது. அதனால்தான் மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போயும் ஒலி எழுப்ப முடிகிறது.

ஓங்கிலின் நெற்றி முன்னால் புடைத்து நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது மூளை அல்ல, கொழுப்பு. சாதாரணக் கொழுப்பும் அல்ல. நடுப்பகுதியில் ஒலி மெதுவாகவும் ஓரங்களில் வேகமாகவும் போகும்படி அடுக்கடுக்கான கலவை. கண்ணாடி வில்லை வெளிச்சத்தைக் குவிப்பதுபோல் இது ஒலியைக் குவித்து, ஒரு குறுகிய கற்றையாக முன்னே அனுப்புகிறது.

திரும்பி வரும் எதிரொலி காதுத்துளை வழியாக உள்ளே போவதில்லை. ஓங்கிலின் காதுத்துளை மிகச் சிறியது, அடைபட்டும் இருக்கும். ஒலி நுழையும் வாசல் கீழ்த்தாடை. தாடை எலும்பின் பின்பகுதி மெலிந்து, அதன் உட்குழிவில் நெற்றியில் உள்ளதைப் போன்ற கொழுப்பு நிறைந்து, நேராக உட்காதுவரை போகிறது. இதை முன்வைத்தவர் அமெரிக்க விலங்கியலாளர் கென்னத் நாரிஸ். ஒரு ஓங்கிலின் கண்களை ரப்பர்க் கிண்ணங்களால் மூடிவிட்டு, அது தடைகளில் மோதாமல் நீந்துவதையும் உணவைத் தேடி எடுப்பதையும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டியவரும் அவரே.

அதற்கும் முன்பே, 1947-இல், ஃபுளோரிடாவில் ஒரு கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த ஆர்தர் மெக்பிரைட் ஒன்றைக் கவனித்துக் குறித்து வைத்தார். இரவில், கலங்கிய நீரில் ஓங்கில்களைப் பிடிக்க வலை விரித்தால், சிறுகண் வலையை அவை தொலைவிலேயே உணர்ந்து விலகிப் போயின. பெருங்கண் வலையை அப்படி உணரவில்லை. வௌவால் எதிரொலியால் இருட்டில் பறக்கிறது என்ற கண்டுபிடிப்பு அப்போது புதிது. அதேபோன்ற ஏதோ ஒன்று இங்கேயும் நடக்கிறது என்று அவர் ஊகித்தார். அவர் இறந்த பிறகு, 1956-இல்தான் அந்தக் குறிப்பு அச்சேறியது. வலை விரிக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை உடனே பிடிபடும் என்று நினைக்கிறேன். வலைக்கண்ணின் அளவைப் பொறுத்து எதிரொலி மாறுகிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மீன் 75 மீட்டர் தள்ளி இருக்கிறது. போக 75, வர 75, ஆக 150 மீட்டர். நொடிக்கு 1500 மீட்டர் என்றால் பத்தில் ஒரு நொடியில் பதில் வந்துவிடும். அந்தப் பதில் வந்த பிறகுதான் ஓங்கில் பெரும்பாலும் அடுத்த சொடுக்கைப் போடும். மீனை நெருங்க நெருங்கப் பதில் சீக்கிரம் வரும், சொடுக்குகளும் நெருக்கமாகும். கடைசி ஓரிரு மீட்டரில் நொடிக்குச் சில நூறு சொடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே இரைச்சலாகக் கேட்கும். ஒலிப்பதிவில் அந்த இரைச்சல் வந்தால் ஓங்கில் வாய் திறக்கப்போகிறது என்று ஆய்வாளர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

பயிற்சி பெற்ற ஓங்கில் ஒன்று, ஆரஞ்சுப் பழ அளவே உள்ள உலோகக் கோளம் ஒன்றை நூறு மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தும் கண்டுகொண்டதாக ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தூரம் மட்டுமல்ல, எதனால் ஆனது, உள்ளே கூடா, கெட்டியா என்பதும் எதிரொலியின் சாயலில் தெரிந்துவிடும். மீனின் சதை ஏறக்குறையத் தண்ணீர் போன்றதுதான் என்பதால் ஒலி அதற்குள் புகுந்து போய், உள்ளே உள்ள காற்றுப்பையில்தான் பலமாக மோதித் திரும்புகிறது. அதாவது ஓங்கில் மீனின் தோலைவிட அதன் வயிற்றுக்குள்தான் முதலில் பார்க்கிறது. எனக்கு இதில் உள்ள வியப்பு இன்னும் அடங்கவில்லை.

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளில் உள்ள எக்கோ சவுண்டரும் இதே காற்றுப்பையின் எதிரொலியைத்தான் திரையில் காட்டுகிறது. பெரும்பாலும் 50,000, 2,00,000 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளில் அது வேலை செய்யும். கூட்டம் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று கருவி காட்டும். அது என்ன மீன் என்பதை ஓட்டுபவர் தன் அனுபவத்தால்தான் சொல்ல வேண்டும். ஓங்கிலுக்குக் கருவியும் அனுபவமும் ஒரே மண்டைக்குள் இருக்கின்றன. படகின் 50,000 ஹெர்ட்ஸ் ஒலி நமக்குக் கேட்காது, பக்கத்தில் வரும் ஓங்கிலுக்கு நன்றாகக் கேட்கும்.

இந்தக் கருவியின் முன்னோடியைச் செய்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவன். முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1917-ஐ ஒட்டி, குவார்ட்ஸ் படிகத்தை மின்சாரத்தால் அதிரவைத்து நீருக்கடியில் கீச்சொலி அனுப்பி எதிரொலியை வாங்கினார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. மனிதர் படிகத்தால் தொடங்கியதை ஓங்கில்களின் மூதாதைகள் 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே கொழுப்பாலும் காற்றாலும் செய்துவிட்டிருந்தன.

பெயர் சொல்லி அழைப்பது

சொடுக்கு பார்ப்பதற்கு என்றால், சீட்டி உறவுக்கு. புட்டிமூக்கு ஓங்கில் பிறந்த சில மாதங்களில் தனக்கென்று ஒரு சீட்டி ராகத்தை உருவாக்கிக்கொள்கிறது. 1965-இல் மெல்பா கால்ட்வெல், டேவிட் கால்ட்வெல் என்ற தம்பதியர் இதை முதலில் விவரித்தார்கள். கூட்டத்திலிருந்து பிரியும்போதும் மறுபடி சேரும்போதும் தன் சீட்டியைத் திரும்பத் திரும்ப எழுப்பும். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று இருப்பைச் சொல்வது அது. ஒரு ஓங்கிலின் சீட்டியைக் கணினியில் செய்து கடலில் ஒலிக்கவிட்டபோது, அந்த ஓங்கில் மட்டும் பதில் சீட்டி கொடுத்ததை 2013-இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, முன்பு ஒன்றாக வாழ்ந்த துணையின் சீட்டியை 20 ஆண்டுகளுக்குப் பிறகும் ஓங்கில் அடையாளம் கண்டதாகச் சொன்னது.

இதைப் படித்துவிட்டு, ஓங்கிலுக்கு மொழி உண்டு என்று தாவிவிடக் கூடாது. பெயரைப் போன்ற ஒன்று இருக்கிறது, அதை மற்றவை அறிகின்றன. அதுவே பெரிய செய்தி. மிகைப்படுத்தத் தேவையில்லை.

விந்துத் திமிங்கலத்தின் தலைக்கு இரண்டே வரி போதாது என்றாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். உடல் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதன் மூக்குத்தான். எண்ணெய் நிறைந்த அந்த மூக்கிலிருந்து புறப்படும் சொடுக்கு, உயிரினங்கள் எழுப்பும் ஒலிகளிலேயே பலமானது. நீரில் அளக்கும் முறைப்படி 230 டெசிபலைத் தாண்டும். இந்த எண்ணை மேளத்தின் 110 டெசிபலோடு நேராக ஒப்பிடக் கூடாது, நீருக்கும் காற்றுக்கும் அளவுகோல் வேறு. சுமார் 62-ஐக் கழித்துப் பார்க்க வேண்டும். கழித்தாலும் மிக அதிகம்தான். வெளிச்சமே இல்லாத ஆழத்தில் கணவாயைத் தேட இந்தச் சொடுக்கு. மேலே வந்ததும் குடும்பத்துக்குள் பேச, தாளக்கட்டோடு கூடிய சிறுசிறு சொடுக்கு வரிசைகள். ஒவ்வொரு குலத்துக்கும் தாளம் வேறு.

திருகோணமலையிலிருந்து வரும் குரல்

இனி அடித்தொண்டைக்காரர்கள். கடலூரிலிருந்து கடல் வழியாகச் சுமார் 400 கி.மீ. தெற்கே திருகோணமலை. அங்கே கரையை ஒட்டியே கடல் பெரும் ஆழத்துக்கு இறங்குகிறது. நீலத் திமிங்கலங்கள் கரையிலிருந்தே கண்ணில் படும் இடம் அது. 1980-களில் அங்கே அவற்றின் பாட்டு முதன்முதலாகப் பதிவுசெய்யப்பட்டது. உலகின் வேறு கடல்களில் உள்ள நீலத் திமிங்கலங்களின் பாட்டோடு அது ஒத்துப்போகவில்லை. இலங்கைக்கென்றே ஒரு பாட்டு.

அந்தக் குரல் ஆழக்கடல் வழியாக நம் பக்கம் வருவதாக எண்ணிப் பாருங்கள். 400 கி.மீ. தூரத்தை நொடிக்கு ஒன்றரை கி.மீ. வேகத்தில் கடக்க நாலரை நிமிடம் ஆகும். ஆனால் கரைவரை வந்துவிடாது. ஆழம் குறைந்த நீரில் இவ்வளவு நீண்ட அலைக்கு இடம் போதாது, கடலடி மண்ணிலேயே கரைந்துபோகும். கேட்க வேண்டுமானால் ஒலிவாங்கியை ஆழம் தொடங்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆழக்கடலில் ஒலிக்கென்று ஒரு வழித்தடமே உண்டு. மேலிருந்து கீழே போகப் போக நீர் குளிர்ந்து ஒலியின் வேகம் குறையும். அதற்கும் கீழே அழுத்தம் ஏறி வேகம் மறுபடி கூடும். இடையில் வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருக்கும். வெதுவெதுப்பான கடல்களில் அது ஆயிரம் மீட்டரை ஒட்டியோ அதற்கும் கீழேயோ அமையும். ஒலி எப்போதும் வேகம் குறைந்த பக்கமாக வளையும் என்பதால், அந்த அடுக்கில் நுழைந்த ஒலி மேலே போனாலும் கீழே போனாலும் உள்ளேயே திருப்பிவிடப்படும். அடியிலும் மேலேயும் மோதிச் சிதறாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். 1944-இல் மாரிஸ் யூயிங்கும் லாமர் வொர்சலும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். 1991-இல் தென் இந்தியப் பெருங்கடலின் ஹெர்ட் தீவருகே நீருக்குள் எழுப்பிய ஒலி அமெரிக்காவின் இரு கரைகளுக்கும் போய்ச்சேர்ந்தது.

இந்தியப் பெருங்கடலின் நடுவே தியேகோ கார்சியா தீவருகே, அணு வெடிப்புச் சோதனைகளைக் கண்காணிக்க நீரடி ஒலிவாங்கிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. 2004 டிசம்பர் 26 காலை, சுமத்ராவின் அருகே பூமி பிளந்த ஓசையும் அவற்றில் பதிவானது. தேவனாம்பட்டினமும் சிங்காரத்தோப்பும் சோனாங்குப்பமும் அந்தக் காலையை மறக்கப்போவதில்லை. சுனாமி அலை ஆழ்கடலில் மணிக்கு 700, 800 கி.மீ. வேகத்தில் வந்தது. நீருக்குள் ஒலியோ மணிக்கு 5,400 கி.மீ. போகும். அதே ஒலிவாங்கிகளின் ஏறத்தாழ இருபதாண்டுப் பதிவுகளைப் பொறுமையாகக் கேட்ட ஆய்வாளர்கள், அதுவரை யாரும் அறியாத ஒரு நீலத் திமிங்கலப் பாட்டை இனம்பிரித்து 2021-இல் வெளியிட்டார்கள். அவ்வளவு பெரிய விலங்கின் தனிக் கூட்டம் ஒன்று அங்கே இருக்கக்கூடும் என்பதை உலகம் காதால்தான் அறிந்தது.

இந்தத் திமிங்கலங்கள் குரல்வளையால்தான் ஒலி எழுப்புகின்றன. எப்படி என்பது 2024-இல்தான் தெளிவாயிற்று. கரை ஒதுங்கி இறந்த திமிங்கலங்களின் குரல்வளையை ஆய்வகத்தில் வைத்துக் காற்றைச் செலுத்திப் பார்த்த டென்மார்க் ஆய்வாளர்கள், குருத்தெலும்பின் மேல் ஒரு கொழுப்பு மெத்தை அதிர்வதைக் கண்டார்கள். அந்த அமைப்பு 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே தரவல்லது, அதுவும் சுமார் 100 மீட்டர் ஆழம் வரைதான் என்பது அவர்கள் கணிப்பு. கப்பல்கள் இரைவதும் இதே ஒலியெல்லையில்தான்.

பாடுவதில் கூன்முதுகுத் திமிங்கலத்துக்கு இணை இல்லை. ஆண்கள் மட்டுமே பாடும். ஒரு சுற்று பத்து, இருபது நிமிடம், அதையே மணிக்கணக்கில் திரும்பப் பாடும். ஒரு கடற்பகுதியில் உள்ள ஆண்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடும். பாட்டு ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது எல்லாமே சேர்ந்து மாற்றிக்கொள்ளும். ராஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் இதை 1971-இல் விவரித்தார்கள். 1977-இல் விண்ணுக்குப் போன வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் இந்தக் குரலும் இருக்கிறது. அரபிக்கடலில் இடம்பெயராமல் அங்கேயே தங்கிவிட்ட ஒரு சிறு கூட்டம் உண்டு, உலகின் மற்றக் கூன்முதுகுத் திமிங்கலங்களிலிருந்து சுமார் 70,000 ஆண்டுகளாகப் பிரிந்தது. ஓமனில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட பெண் திமிங்கலம் ஒன்று 2017-இன் கடைசியில் அரபிக்கடலைக் கடந்து இந்தியக் கரைக்கு வந்து போனது.

நாம் போடும் சத்தம்

கப்பலின் விசிறி சுழலும்போது அதன் இதழ்களில் நீராவிக் குமிழ்கள் உண்டாகி உடைகின்றன. அந்த இரைச்சலின் பெரும்பகுதி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் வெகுதூரம் போகிறது. நீலத் திமிங்கலம் ஒதுங்கிப் போய்ப் பேச வேறு ஒலியெல்லை அதன் குரல்வளையில் இல்லை. இலங்கையின் தென்முனையை ஒட்டி உலகின் நெருக்கடியான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது, அதே நீரில் அவை மேய்கின்றன, கப்பல் மோதியும் இறக்கின்றன.

சத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தடவை தற்செயலாகச் சாட்சி கிடைத்தது. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் தாக்குதல் நடந்ததை அடுத்துக் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நீரடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அங்கே வேறொரு காரணத்துக்காகத் திமிங்கலச் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தவர்கள், அந்த நாட்களில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் எச்சம் குறைந்திருந்ததைக் கண்டார்கள். இது 2012-இல் வெளியானது. இரைச்சலோடு பழகிவிட்டன என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த விலங்குகள் உண்மையில் சகித்துக்கொண்டிருந்தன.

எதிரொலியால் நீர்மூழ்கிகளைத் தேடப் போர்க்கப்பல்கள் பயன்படுத்தும் சோனார் இன்னும் கொடியது. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சியின்போது 17 விலங்குகள் கரை ஒதுங்கின, பெரும்பாலும் அலகுத் திமிங்கலங்கள். சோனாரே காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று கடற்படையும் சேர்ந்து எழுதிய அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஆனால் எல்லாக் கரையொதுங்கலுக்கும் சோனாரைச் சொல்லிவிட முடியாது. திருச்செந்தூர் அருகே மணப்பாடு பக்கம் 1973-இல் 147 குறுந்துடுப்பு பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையில் 80-க்கும் மேற்பட்டவை. இரண்டாம் முறை மீனவர்கள் உயிரோடு இருந்தவற்றை இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டும் பல திரும்பி வந்தன. கரையில் கிடந்து குரல் கொடுக்கும் உறவை விட்டு இவை விலகுவதில்லை என்பதே ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கம்.

இத்தனை கூர்மையான ஒலியுணர்வு இருந்தும் ஓங்கில்கள் வலையில் ஏன் மாட்டுகின்றன என்று கேட்கத் தோன்றும். மெக்பிரைட் பார்த்தது பழைய காலத்து வலை. இன்றைய செவுள்வலையின் மெல்லிய நைலான் இழை மிகக் குறைந்த எதிரொலியே தருகிறது. ஓங்கில்களும் ஓயாமல் சொடுக்குப் போட்டுக்கொண்டிருப்பதில்லை. பழகிய இடத்தில், அல்லது மீனை விரட்டும் மும்முரத்தில், வலையைக் கவனிக்கத் தவறிவிடுகின்றன. கீச்சொலி எழுப்பும் சிறு கருவிகளை வலையில் கட்டும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. கடற்பன்றி (போர்பாய்ஸ்) போன்ற சில இனங்களிடம் அது நன்றாகப் பலித்திருக்கிறது, எல்லா ஓங்கில்களிடமும் இல்லை.

கேட்டுப் பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சல்லிசாகக் கிடைக்கும் பீசோ தகட்டை நீர் புகாமல் எபாக்சியில் அடைத்து, கம்பி வழியாகப் பதிவுக் கருவியில் இணைத்தால் எளிய நீரடி ஒலிவாங்கி தயார். முதலில் கேட்கப்போவது ஓங்கில் அல்ல, பொரியல் சட்டியில் கடுகு வெடிப்பதைப்போன்ற இடைவிடாத படபடப்பு. சொடுக்கு இறால்கள் தங்கள் பெரிய கொடுக்கை மூடும் ஓசை அது. ஓங்கிலின் சீட்டிகள் 5,000 முதல் 20,000 ஹெர்ட்ஸுக்குள் பெரும்பாலும் இருப்பதால் சாதாரணப் பதிவுக் கருவியிலேயே விழும். சொடுக்குகளின் அடிப்பகுதி மட்டும் ‘டிக் டிக்’ என்று கேட்கும். நீலத் திமிங்கலத்தின் பதிவு கிடைத்தால் பத்து மடங்கு வேகமாக ஓடவிட்டுக் கேளுங்கள், பாட்டின் வடிவம் புரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நம் கரையோரக் கடலில் இயந்திர இரைச்சல் இல்லாமல் பதிவுசெய்ய அதைவிட நல்ல காலம் இல்லை. பாரம்பரியப் படகு வைத்திருக்கும் மீனவர் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். தடைக்கு முந்தைய வாரத்திலும் தடைக்காலத்திலும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் பதிவுசெய்து, தேதி, நேரம், காற்று, ஆழம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். ஓங்கில் கூட்டம் தென்பட்டால் துரத்தாமல் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒலிவாங்கியை இறக்குங்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்குகள் அவை, துரத்துவது குற்றம். அதோடு, இன்ஜின் ஓடும்போது பதிவில் வேறெதுவும் விழாது.